வாடைக் காலத்தில் படுக்கை சூடேறவில்லையா? குளிர் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பாருங்கள்

கார்த்திகை பிறந்து வாடை திரும்பியதும் எங்கள் வீட்டில் ராத்திரி முதலில் கேட்பது அம்மாவின் குரல்தான். “இன்னொரு போர்வை இருக்காடி?” பாம்பனில் வடகடலைப் பார்த்த வீடு எங்களுடையது. எடுத்துக் கொடுப்போம். அரைமணி நேரத்தில் மறுபடியும் அதே குரல் வரும். மூன்று போர்வை போர்த்திய பிறகும் ஒருவர் நடுங்குகிறார் என்றால் நான்காவது போர்வை அவரைக் காப்பாற்றாது. குளிர் வேறு எங்கிருந்தோ உள்ளே வருகிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்க எனக்குப் பல வாடைக் காலம் பிடித்தது. அதனால்தான் இதை அறிகுறி வாரியாக எழுதி வைக்கிறேன்.

பாம்பனில் தை மாத இரவில்கூட வெப்பநிலை பெரும்பாலும் 20 டிகிரிக்குக் கீழே போவதில்லை. அதே நாள்களில் ஊட்டியில் புல்லின் மேல் உறைபனி கிடக்கும். “உங்க ஊர்ல என்ன குளிரு?” என்று வெளியூர்க்காரர்கள் கேட்பது இதனால்தான். ஆனால் நம் தோலின் சூடு ஏறக்குறைய 33, 34 டிகிரி. 23 டிகிரிக் காற்று ஓயாமல் அடித்து, விரிப்பும் உடுப்பும் லேசாக ஈரமாகவும் இருந்துவிட்டால், விடிய விடிய உடம்புச் சூடு கசிந்துகொண்டே இருக்கும். அசையாத காற்றைவிடத் தண்ணீர் 20 மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்தும். மலையூர்க் குளிருக்குப் போர்வையின் கனம் போதும். நம் கரைக்கு அது மட்டும் போதாது. இங்கே தரை, காற்று, ஈரம் மூன்றையும் பார்க்க வேண்டும்.

முதலில் கையை வைத்துப் பாருங்கள்

குளிரில் விழிப்பு வந்ததும் எழுந்து போர்வை தேடாதீர்கள். படுத்தபடியே புறங்கையை நாலு இடத்தில் வையுங்கள். முதுகுக்கும் பாய்க்கும் நடுவில் ஒரு தரம், கழுத்தோரம் போர்வை திறந்திருக்கும் இடத்தில் ஒரு தரம், போர்வையின் உள்பக்கம் ஒரு தரம், சுவரை ஒட்டிய பக்கம் ஒரு தரம். உள்ளங்கையைவிடப் புறங்கைக்குக் குளிர் சீக்கிரம் தெரியும். எங்கே சில்லென்று இருக்கிறதோ, எங்கே நசநசக்கிறதோ அதுதான் உங்கள் கோளாறு. அதற்குரிய பகுதிக்கு நேரே போய்விடலாம்.

மேலே சூடாக இருக்கிறது, முதுகும் இடுப்பும் சில்லிடுகிறது

கீழேயிருந்து குளிர் ஏறுகிறது. தரையில் படுப்பவர்களுக்கு, முக்கியமாக டைல்ஸ் பதித்த புது வீட்டுக்காரர்களுக்கு, இது அதிகம். போர்வை சூட்டைத் தாங்குவது அதற்குள் நிற்கும் காற்றால்தான். நாம் படுத்ததும் முதுகுக்கு அடியில் இருக்கும் துணி நசுங்கி, காற்று வெளியேறிவிடுகிறது. அதனால் மேலே போடும் அதே போர்வையை அடியில் விரித்தால் பாதி வேலைகூடச் செய்யாது. அடியில் போடுவது நசுங்காத பொருளாக இருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் இப்போது போடும் அடுக்கு இது: தரையில் பனை ஓலைப் பாய், அதன் மேல் பிரிட்ஜ் வாங்கியபோது வந்த அட்டைப் பெட்டியைப் பிரித்து ஒரு விரிப்பு, அதற்கு மேல் கோரைப் பாய், கடைசியாக நாலைந்து பழைய சேலைகளை அடுக்கி ஓரம் தைத்த விரிப்பு. அட்டைக்குள் இருக்கும் நெளிநெளியான தாளில் காற்று அடைபட்டிருக்கும். உடம்பு ஏறினாலும் எளிதில் நசுங்காது. இரண்டு மாதம் தாங்கும். பொருபொருத்துப் போனதும் மாற்றிவிட வேண்டும். காலையில் எழுந்ததும் எல்லாவற்றையும் தூக்கிச் சுவரில் சாய்த்து வையுங்கள். அடிப்பாயின் அடியில் தடவினால் ஈரம் இருக்கும். எடுக்காமல் விட்டால் ஒரு வாரத்தில் கரும்பூஞ்சை பிடித்துவிடும்.

கயிற்றுக் கட்டில், நைலான் பட்டைக் கட்டில் வைத்திருப்பவர்களுக்குக் கோளாறு தரை இல்லை, கட்டிலுக்கு அடியில் ஓடும் காற்று. சித்திரையில் அந்தக் காற்றுக்காகத்தான் கட்டிலே போட்டோம். மார்கழியில் அதே வழியாகச் சூடு இறங்கிப் போய்விடுகிறது. என் அப்பத்தா வாடை திரும்பியதும் இரண்டு சணல் சாக்கைத் தையல் பிரித்துக் கட்டிலில் விரிப்பாள், அதன் மேல்தான் பாய். இப்போது சணல் சாக்கு கிடைப்பது அருமையாகிவிட்டது. தடித்த ஜமுக்காளத்தை இரண்டாக மடித்துப் போட்டாலும் சரிதான். மொத்தம் இரண்டு கம்பளிதான் இருக்கிறது என்றால், கயிற்றுக் கட்டிலில் ஒன்று கீழே, ஒன்று மேலே. இரண்டையும் மேலே போடுவதைவிட இதுதான் பலன் தரும்.

மெத்தை வைத்திருந்தும் இந்தக் குளிர் தெரிகிறதா? மெத்தையோடு வந்த பிளாஸ்டிக் உறை இன்னும் அதன் மேலேயே இருக்கிறதா என்று பாருங்கள். அழுக்காகாமல் இருக்கட்டும் என்று பலரும் அப்படியே வைத்திருக்கிறார்கள். வியர்வை போக வழியில்லாமல் உறை மேல் தேங்கி, பின்னிரவில் அதுவே சில்லிடும். உறையைக் கிழித்து எடுத்துவிட்டுப் பருத்தி விரிப்பு போடுங்கள்.

இலவம் பஞ்சு மெத்தை கட்டி கட்டியாக இருந்தால் வெயிலில் போட்டுத் தட்ட வேண்டும். இலவம் பஞ்சின் ஒவ்வொரு இழையும் உள்ளே கூடாக, மேலே மெழுகுப் பூச்சோடு இருக்கும். அதனால்தான் ஒரு காலத்தில் கப்பல்களின் உயிர்காப்பு உடுப்புகளில் இதை அடைத்தார்கள். பஞ்சு பிரிந்து உப்பியிருக்கும்வரை இதைப் போலச் சூடு காக்கும் மெத்தை நம் ஊருக்கு வேறு இல்லை என்பது என் எண்ணம்.

போர்வை காய்ந்துதான் இருந்தது, படுக்கும்போது நசநசக்கிறது

நம் கரைக்கே உரிய கோளாறு இது. கடலைவிட்டுத் தள்ளி இருக்கும் ஊர்க்காரர்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

போர்வையின் ஓரத்தை நாக்கு நுனியில் வைத்துப் பாருங்கள். கரிக்கிறதா? அப்படியென்றால் உங்கள் போர்வையில் உப்பு இறங்கியிருக்கிறது. வாடைக் காற்று அலை முகட்டிலிருந்து உப்புத் திவலையை அள்ளிக்கொண்டு வந்து சன்னல் கம்பியில், கொடியில், துணியில் எல்லாம் பூசிவிடும். கடல் உப்பில் நாம் சமைக்கும் உப்போடு மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்வதில் அது கெட்டிக்காரப் பொருள். மழை நாளில் கல்லுப்புச் சாடி அடியில் தண்ணீர் கசிந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதேதான் உங்கள் போர்வைக்குள்ளும் நடக்கிறது. மத்தியானம் மொறுமொறுவென்று காய்ந்த போர்வை ராத்திரி எட்டு மணிக்கு நனைந்தது போலக் கனப்பது இதனால்தான். எவ்வளவு நேரம் வெயிலில் போட்டாலும் தண்ணீர்தான் போகும், உப்பு போகாது. பொழுது சாய்ந்ததும் அது மறுபடி ஈரத்தை இழுக்கும்.

துவைக்கிறோமே என்று கேட்கலாம். எந்தத் தண்ணீரில் துவைக்கிறோம் என்று பார்க்க வேண்டும். நம் பக்கத்துக் கிணறும் போரும் பாதிக்கு மேல் உவர். அந்தத் தண்ணீரில் அலசினால் கடற்காற்று போட்ட உப்பு போய்க் கிணற்று உப்பு ஏறிக்கொள்ளும். இதற்கு மருந்து நல்ல தண்ணீர் ஒன்றுதான். துவைப்பதை உவர்த் தண்ணீரிலேயே துவையுங்கள், பரவாயில்லை. கடைசி அலசல் மட்டும் நல்ல தண்ணீரில் இரண்டு தரம். ஒரு சாதாரணப் பருத்திப் போர்வைக்கு இரண்டு குடம் பிடிக்கும். முதல் அலசலில் பிழிந்த தண்ணீரைச் சுண்டுவிரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள், கரிக்கும். இரண்டாவதில் ஏறக்குறையச் சப்பென்று இருக்க வேண்டும். அதுவரை விடாதீர்கள்.

குடிக்கிற தண்ணீரையே குடம் கணக்கில் வாங்கும் வீட்டில் போர்வைக்கு இரண்டு குடமா என்று மலைப்பாக இருக்கும். எனக்கும் மனசு வராது. மழைத் தண்ணீரைப் பிடியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதுதானே நமக்கு மழை. முதல் மழையில் கூரையில் படிந்த உப்பும் தூசியும் கழுவிப் போகட்டும். அடுத்த மழையில் தாழ்வாரத்தடியில் அண்டாவோ டிரம்மோ வைத்துப் பிடித்து, கொசு முட்டையிடாதபடி துணியால் மூடிக் கட்டி வையுங்கள். நம் ஊரில் உப்பில்லாத தண்ணீர் இலவசமாகக் கிடைப்பது அந்த ஒன்றரை மாதம்தான்.

காயப்போடுவதிலும் கவனம் வேண்டும். கடலைப் பார்த்த கொடியில் போட்டால் அலசியது வீண். வீட்டுக்குப் பின்னால், காற்றுக்கு மறைவான பக்கத்தில், பதினோரு மணி வாக்கில் போட்டு மூன்று மூன்றரைக்குள் எடுத்துவிடுங்கள். வலை உலர்த்தும் கயிற்றில் போர்வையைப் போடவே கூடாது. எடுத்த சூட்டோடு மடித்து டிரங்குப் பெட்டியிலோ பைக்குள்ளோ வைத்துவிட்டு, படுக்கும்போது மட்டும் வெளியே எடுங்கள். பகல் முழுக்கச் சன்னலைத் திறந்து வைத்துப் போர்வையைக் கட்டிலிலேயே கிடக்க விட்டால் மாலைக்குள் அது காற்றிலிருக்கும் ஈரத்தையெல்லாம் குடித்திருக்கும்.

போர்வையில் உப்பில்லை, இருந்தும் நசநசப்பு என்றால் உப்பு உங்கள் மேல் இருக்கலாம். கடற்கரையிலும் பாலத்திலும் நின்று வந்து அப்படியே படுக்காமல், ஒரு செம்பு நல்ல தண்ணீரில் கழுத்து, கை, கால் கழுவித் துடைத்துவிட்டுப் படுங்கள். எங்கள் வீட்டில் இது வழக்கமான பிறகு விரிப்பு நாலு நாள் கூடுதலாகத் தாங்குகிறது.

போர்த்தினால் வேர்க்கிறது, எடுத்தால் நடுங்குகிறது

கீழக்கரையில் என் தோழி வீட்டில் மூன்று கம்பளிகள் இருக்கின்றன. எல்லாம் அவள் மச்சான் துபாயிலிருந்து வரும்போது கொண்டு வந்தவை. புலிப் படமும் பூப்படமும் போட்ட, தூக்கவே இரண்டு கை வேண்டிய கனம். “போத்துனா புழுங்குது லாத்தா, எடுத்தா வெறைக்குது” என்று அவள் மைனி மகள் சொல்வாள். பார்த்தால் கம்பளி, ஆனால் இழை பாலியெஸ்டர். அது தன் எடையில் ஒரு சதவீத ஈரத்தைக்கூட உள்ளே வாங்காது. ஆட்டு மயிர்க் கம்பளி தன் எடையில் 30 சதவீதம் வரை ஈரத்தை வாங்கினாலும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. நம் ஊர்க் காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கிறது. உடம்பு விடும் வியர்வையும் சேர்ந்து பாலியெஸ்டருக்கு அடியிலேயே நிற்கும். தாங்காமல் உதறி எறிகிறோம். நனைந்த தோலில் வாடை பட்டதும் நடுக்கம்.

தூக்கிப் போட வேண்டியதில்லை. உடம்பை ஒட்டி ஒரு மெல்லிய பருத்தித் துணி, பழைய வேட்டியோ சேலையோ, அதன் மேல் அந்தக் கம்பளி. வேர்வையைப் பருத்தி வாங்கிக்கொள்ளும். அதைவிட நல்லது ஒரு கனத்த போர்வைக்குப் பதிலாக இரண்டு மெல்லியவை. புழுங்கினால் ஒன்றை இறக்கிவிடலாம்.

கம்பளி வாங்கும்போது ஒரு சோதனை. ஒரு கடையில் அசல் கம்பளி என்று சொல்லி எனக்கு விற்றது வீட்டுக்கு வந்த பிறகுதான் வேறு என்று தெரிந்தது. ஓரத்திலிருந்து ஒரே ஒரு இழையை உருவி, வாசலில் வைத்து, இடுக்கியால் பிடித்துத் தீக்குச்சி காட்டுங்கள். ஆட்டு மயிர் என்றால் தலைமுடி கருகிய நாற்றம் வரும், சாம்பல் விரலில் தேய்த்தால் பொடியாகும். பாலியெஸ்டர் என்றால் உருகிச் சுருண்டு கறுத்த மணியாக இறுகிவிடும்.

படுக்கும்போது சரி, மூன்று நாலு மணிக்குத்தான் குளிர்

இது பெரும்பாலும் கோளாறே இல்லை. உடம்புச் சூடு ஒரு நாளில் ஆகக் குறைவாக இருப்பது விடியலுக்கு முன்னால்தான். ஏறக்குறைய அதே நேரத்தில்தான் வெளிக் குளிரும் ஏறுகிறது. முதலிலேயே கனமாகப் போர்த்தாதீர்கள். வேர்த்து நனைந்துவிட்டால் மூன்று மணிக்கு இரண்டு மடங்கு குளிரும். படுக்கும்போது காய்ந்த போர்வை ஒன்றை மடித்துக் கால்மாட்டில், எழாமல் எட்டும் தூரத்தில் வையுங்கள். அரைத்தூக்கத்தில் இழுத்துவிடலாம். கழுத்தையும் காதையும் ஒரு துண்டால் சுற்றிக்கொண்டாலே பாதிக் குளிர் அடங்கும்.

ஒரு பக்கம் மட்டும் குளிர்கிறது

வாடை வடகிழக்கிலிருந்து அடிக்கிறது. உங்கள் படுக்கை வடக்குச் சுவரையோ கிழக்குச் சன்னலையோ ஒட்டியிருந்தால் மாற்றுங்கள். வாடை திரும்பியதும் வடகடல் வள்ளங்களைத் தென்கடல் பக்கம் கொண்டுபோய் நிறுத்துகிறோமே, அதே கணக்குதான் இதற்கும். தெற்குச் சுவரோரம் படுத்து, சுவருக்கும் பாய்க்கும் ஒரு சாண் இடைவெளி விட்டாலே போதும்.

பிறகு ஓட்டையைத் தேடுங்கள். ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திச் சன்னல் சட்டம், கதவடி, கூரை ஷீட்டும் சுவரும் சேரும் இடம் என்று மெதுவாகக் காட்டிக்கொண்டே போங்கள். புகை எங்கே வளைகிறதோ அங்கே காற்று புகுகிறது. ஷீட்டின் நெளிவுக்கும் சுவருக்கும் இடையில் இருக்கும் சந்துதான் பெரும்பாலும் குற்றவாளி. பழைய வலைத் துண்டைச் சுருட்டி அதில் திணித்தால் நன்றாக நிற்கும். வலையில் உப்பு இருக்கும் என்பதால் அது படுக்கைக்கு நேர் மேலே வேண்டாம். கிடுகுத் தட்டி வீடுகளில் வடக்குப் பக்கம் மட்டும் உள்ளே ஒரு ஓலைப் பாயைத் தொங்கவிட்டால், தட்டிக்கும் பாய்க்கும் நடுவில் காற்று ஓட்டம் அடங்கிவிடும்.

எல்லாச் சந்தையும் அடைத்துவிடாதீர்கள். காற்று அடிக்காத தெற்கு அல்லது மேற்குப் பக்கம் ஒரு சன்னல் விரற்கடை அளவாவது திறந்திருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் மூச்சு ஈரம் அறைக்குள்ளேயே நின்று அடுத்த கோளாறில் கொண்டுபோய் விடும். கொசுவலை கட்டிப் படுங்கள். கொசுவுக்காக மட்டும் சொல்லவில்லை. வலை காற்றின் வேகத்தை உடைத்துவிடும். வலைக்குள் படுத்து எழுந்தவருக்கு வித்தியாசம் ஒரே ராத்திரியில் தெரியும்.

விடியலில் முகத்தில் தண்ணீர் சொட்டுகிறது

மழை இல்லை, கூரை ஒழுகவும் இல்லை. மேகமில்லாத தை மாத இரவில் தகர ஷீட் வானத்துக்குத் தன் சூட்டை விட்டுவிட்டுச் சுற்றுக் காற்றைவிடச் சில்லிட்டுவிடும். உள்ளே இருக்கும் ஈரக் காற்றும் நம் மூச்சும் அதன் அடியில் பட்டு வேர்க்கும். பனி கொட்டுகிறது என்று சொல்வோமே, அதுதான் வீட்டுக்குள்ளும் நடக்கிறது. கூரைக்கு மேலே கிடுகு வேய்ந்தால் ஷீட் அவ்வளவு குளிராது. முடியாதவர்கள் படுக்கைக்கு மேலே மட்டுமாவது ஒரு ஓலைப் பாயைச் சரிவாகக் கட்டுங்கள். சொட்டு அதில் வழிந்து ஓரமாக விழும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்றால் ஆணி அடிக்கவோ துளையிடவோ கூடாது, அதன் தூசி நுரையீரலுக்கு ஆகாது. கயிற்றைச் சட்டத்திலோ சுவரிலோ கட்டுங்கள்.

கால் மட்டும் ஐஸாக இருக்கிறது

குளிர்ந்தால் உடம்பு முதலில் கைகாலுக்குப் போகும் இரத்தத்தைக் குறைத்து நெஞ்சையும் வயிற்றையும் காக்கும். அதனால் காலைச் சூடாக்க முதலில் உடம்பைச் சூடாக்க வேண்டும். மேலே சட்டை இல்லாமல் படுத்துக்கொண்டு காலுக்கு மட்டும் சாக்ஸ் போட்டால் பலன் குறைவு. ஈரம் போகத் துடைத்து, விரலிடுக்கு காய்ந்த பிறகு, இறுக்கமில்லாத பருத்தி சாக்ஸ்.

வெந்நீர்ப் பை நல்ல பொருள். கொதிக்கும் தண்ணீரை ஊற்றாதீர்கள், கொஞ்சம் ஆறட்டும். மூன்றில் இரண்டு பங்கு நிரப்பி, பையை அமுக்கிக் காற்றை வெளியேற்றி மூடி, தலைகீழாகப் பிடித்துக் கசிகிறதா என்று பார்த்து, துண்டில் சுற்றிக் கால்மாட்டில் வையுங்கள். பை இல்லாதவர்கள் வாணலியில் வறுத்த தவிட்டையோ அரிசியையோ துணியில் முடிந்து வைக்கலாம். உப்பு ஒத்தடத்தை மட்டும் படுக்கைக்குள் கொண்டுபோகாதீர்கள். துணியில் உப்பு இறங்கினால் மேலே சொன்ன நசநசப்பை நாமே வரவழைத்ததாகும்.

சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு இந்தச் சூடு வைத்தியம் வேண்டவே வேண்டாம். காலில் உணர்ச்சி குறைந்திருக்கும், சுடுவது தெரியாது. காலையில் பார்த்தால் கொப்புளம் இருக்கும், அது ஆறாத புண்ணாகிவிடும். படுக்கையைச் சூடாக்க வேண்டுமானால் பையை முன்கூட்டியே வைத்து, அவர்கள் படுக்கும் முன் எடுத்துவிடுங்கள்.

கடலிலிருந்து வந்து படுத்தவருக்குச் சூடே வரவில்லை

என் அண்ணன் ராத்தொழிலுக்குப் போய் விடியலில் வருவான். முன்பெல்லாம் அலுப்பில் ஈரக் கைலியோடு அப்படியே சாய்ந்துவிடுவான். போர்வை மேல் போர்வை போட்டாலும் பத்து மணிவரை உதடு நீலமாகத்தான் இருக்கும். போர்வை சூட்டை உண்டாக்காது, உடம்பில் இருப்பதைக் காக்கத்தான் செய்யும் என்பதை அவனைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். ஈர உடம்பைப் போர்த்தினால் ஈரத்தைத்தான் போர்த்துகிறோம்.

பாசி எடுக்கப் போகும் அக்காமாருக்கும் இதே கதைதான். சேலைக்கு மேல் சட்டை, விரலில் துணி சுற்றிக்கொண்டு மணிக்கணக்கில் தண்ணீரில் நிற்பார்கள். கடல் தண்ணீர் 26 டிகிரி இருந்தாலும் தோலைவிடக் குளிர்ச்சி, உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டேதான் இருக்கும்.

வந்ததும் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். ஈர உடுப்பு முழுவதும் மாற்ற வேண்டும், உள்ளாடை உட்பட. நல்ல தண்ணீரில் உப்புப் போகக் குளித்து, தலையை நன்றாகத் துவட்ட வேண்டும். அப்புறம் சூடாக எதையாவது குடித்து, வயிற்றுக்கும் கொஞ்சம் சாப்பிட வேண்டும். சூட்டை உண்டாக்க உடம்புக்குத் தீனி வேண்டும். வெறும் வயிற்றோடு படுத்தவருக்கு நடுக்கம் அடங்க நேரமாகும். இவ்வளவும் ஆன பிறகுதான் போர்வை.

இரண்டு வாய் சரக்கு உள்ளே போனால் குளிர் போய்விடும் என்பது தவறு. அது தோலுக்கு இரத்தத்தைத் திருப்பிவிடுவதால் சூடு வந்தது போலத் தோன்றும், உள் சூடு இன்னும் வேகமாக வெளியேறும். குளிரில் நனைந்து வந்தவர் பேச்சுக் குழறினால், தள்ளாடினால், நடுங்கிக்கொண்டிருந்தவர் தெளிவில்லாமல் நடுக்கத்தை நிறுத்திவிட்டால் அது தேறியதற்கான அறிகுறி இல்லை. உடம்புச் சூடு ஆபத்தான அளவுக்கு இறங்கியிருக்கிறது. ஈரத்தை மாற்றி, நெஞ்சும் வயிறும் சேரப் போர்த்தி, கைகாலைத் தேய்க்காமல் அசையாமல் கிடத்தி, 108-ஐக் கூப்பிடுங்கள்.

அறைக்குள் கணப்பு வைக்கலாமா

வைக்கவே கூடாது. கரி அடுப்பு, தேங்காய் மட்டைக் கணப்பு, தணல் சட்டி எதுவுமே கதவடைத்துப் படுக்கும் அறைக்குள் வேண்டாம். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நாற்றமும் இல்லை, நிறமும் இல்லை. தூங்குபவர் தூக்கத்திலேயே போய்விடுவார், ஒரு இருமல்கூட வராது. கொசுவுக்காகப் போடும் நொச்சிப் புகையும் படுக்கும் முன் போட்டு, தணலை வெளியே எடுத்து வைத்த பிறகு கதவடையுங்கள்.

குழந்தையும் பெரியவர்களும்

கைக்குழந்தையின் கையும் காலும் சில்லென்று இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பிடரியிலோ நெஞ்சிலோ தொட்டுப் பாருங்கள். அங்கே கதகதப்பாக இருந்தால் குழந்தைக்குக் குளிரவில்லை. ஒரு வயதுக்குள் தளர்ந்த போர்வை, தலையணை, கனத்த கம்பளி எதுவும் வேண்டாம், முகத்தை மூடிவிடும். நமக்குப் போட்டதைவிட ஒரு சுற்றுப் பருத்தி உடுப்பு கூடுதலாகப் போட்டால் போதும். தூங்கும்போது குல்லாவைக் கழற்றிவிடுங்கள். எடை குறைந்து பிறந்த பிள்ளைக்குத் தாயின் நெஞ்சோடு தோலும் தோலும் படச் சேர்த்து வைப்பதைவிடச் சிறந்த சூடு இல்லை. தாய் விழித்திருக்கும்போது, மருத்துவமனையில் காட்டிக் கொடுத்தபடி செய்யுங்கள்.

பெரியவர்கள் விஷயம் நேர்மாறு. அவர்களுக்குக் குளிர்வதே தாமதமாகத்தான் தெரியும், நடுங்கிச் சூட்டை உண்டாக்கும் வலுவும் குறைவு. “எனக்கு ஒண்ணும் குளிரலத்தா” என்று அம்மா சொன்னாலும் நான் உடுப்புக்குள் கைவிட்டு வயிற்றைத் தொட்டுப் பார்ப்பேன். வயிறே சில்லென்றிருந்தால் அது அவசரம். ராத்திரி ஒன்றுக்குப் போக எழும்போதுதான் சேர்த்த சூடெல்லாம் போகிறது. சால்வையும் செருப்பும் கட்டிலோரம் இருக்கட்டும்.

எல்லாம் சரி செய்தும் குளிர்கிறது

அப்படியென்றால் கோளாறு படுக்கையில் இல்லை. பல்லைக் கிட்டும் நடுக்கம், அப்புறம் கொதிக்கும் காய்ச்சல், அப்புறம் வேர்த்துக் கொட்டுவது என்று வந்தால் அன்றே இரத்தம் பரிசோதியுங்கள். இராமேசுவரம் தீவும் சுற்றுக் கரையும் மலேரியாவை நன்றாக அறிந்த ஊர்கள். பரிசோதனை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்வார்கள். காய்ச்சல் இல்லாமல், மற்றவர்கள் விசிறியோடு உட்கார்ந்திருக்கும்போதும் ஒருவருக்கு மட்டும் மாதக்கணக்கில் குளிர்கிறது, சோர்வும் சேர்ந்திருக்கிறது என்றால் இரத்தச் சோகையும் தைராய்டும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பெண்கள் இதைத் தள்ளிப் போடவே கூடாது.

வாடை ஓய்ந்ததும்

மாசி கடைசியில் போர்வைகளை அப்படியே மடித்து வைத்தால் அடுத்த கார்த்திகையில் உப்பு வாசனையோடு ஈரமாகத்தான் வெளியே வரும். பிடித்து வைத்த மழைத் தண்ணீரில் கடைசிக் குடத்தை இதற்கென்று ஒதுக்குங்கள். பருத்தியை அலசி வெயிலில் காயப்போடுங்கள். கம்பளியை முறுக்கிப் பிழியாமல், துண்டில் சுருட்டி அமுக்கித் தண்ணீரை எடுத்து, பாயில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். முழுக்கக் காய்ந்த பிறகு காய்ந்த வேப்பிலையோ பாச்சை உருண்டையோ போட்டுப் பெட்டிக்குள் வையுங்கள். பெட்டி வடக்குச் சுவரைத் தொடாமல், இரண்டு செங்கல் மேல் இருக்கட்டும்.